வாசகர் கேள்வி – ஆள்புலம் மாநிலமாவது யார் கையில்?

கேள்வி: ஹவாய், போர்ட்டோ ரிகோ ஆகிய இரண்டும் 1898ஆம் ஆண்டிலேயே ஐக்கிய அமெரிக்காவின் வசமாயின என்று அரசறிவியலில் படித்தோம். முன்னது 50ஆவது மாநிலமாகிவிட்டது. பின்னது இன்றும் ஆள்புலமாகவே, அதாவது மாநில அந்தஸ்தில்லாத ஆட்சிப்பகுதியாகவே, இருப்பது ஏன்? மக்கள் வாக்களித்தால் போதாதா?
– உயர்தர மாணவி ஒருவர், தலவாக்கலை

பதில்: போதாது. புதிய மாநிலங்களைச் சேர்த்துக்கொள்ளும் அதிகாரத்தை அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை அந்நாட்டுச் சட்டவாக்க மன்றமான காங்கிரசுக்கே வழங்குகிறது. அடிமையல்லாத குடிகள் 60,000 பேர் சேர்ந்தால் மாநிலமாகலாம் என்று 1787ஆம் ஆண்டின் வடமேற்குக் கட்டளைச் சட்டம் ஒரு வழியைக் காட்டியது. பின்னர், காங்கிரஸ் அனுமதிச் சட்டம் இயற்ற, ஆள்புலத்து மக்கள் தமக்கென ஓர் அரசியலமைப்பை வரைய, காங்கிரஸ் அதனை ஏற்று நிறைவேற்றும் சட்டத்தில் ஜனாதிபதி ஒப்பமிடும் முறை வழக்கமாயிற்று. காங்கிரஸ் மனம் வைக்காவிடில் எதுவும் நகராது. 1849இலேயே விண்ணப்பித்த யூட்டா, பலதார மணச் சர்ச்சையால் 1896 வரை காத்திருக்க நேர்ந்தது.

ஹவாயின் வரலாறு மலையகத்தாராகிய நமக்குச் சற்று நெருக்கமானது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் ஆதரவுடன் 1893இல் அரசி லிலியுவோகலானி பதவியிலிருந்து அகற்றப்பட்டார். தோட்ட வேலைக்கெனக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியருக்கும் சீனருக்கும் நெடுங்காலம் பிரஜாவுரிமை மறுக்கப்பட்டபோதிலும், ஆள்புலத்தில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகள் பிறப்பாலேயே பிரஜைகளாயினர். இத்தகைய வாக்காளர் பெருகுவதைத் தென்மாநிலப் பிரதிநிதிகள் பலர் விரும்பாததும் தாமதத்துக்கு ஒரு காரணம். 1959 ஜூன் மாத வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர் ஆதரித்தனர். தனிநாடு என்ற தெரிவு வாக்குச்சீட்டில் இருக்கவேயில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆகஸ்ட் 21 அன்று ஹவாய் மாநிலமாயிற்று. அதன் முதல் பிரதிநிதியாகக் காங்கிரசின் பிரதிநிதிகள் சபைக்குச் சென்றவர் ஜப்பானிய வம்சாவளியினரான டேனியல் இனோயே. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்கும் இழந்த நம் தோட்ட மக்களில் பெரும்பாலோர் அதே 1959இல் நாடற்றோராகவே இருந்தனர்.

போர்ட்டோ ரிகோ மக்கள் 1917 முதல் அமெரிக்கப் பிரஜைகள். எனினும் தீவில் வாழும்வரை ஜனாதிபதித் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 2020ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் 52 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டோர் மாநில அந்தஸ்தை ஆதரித்தும் அம்முடிவு காங்கிரசைக் கட்டுப்படுத்தவில்லை. தீவினரே இவ்விடயத்தில் பிளவுபட்டிருப்பது ஒரு காரணம். புதிய மாநிலத்துக்கு இரு செனட்டர்களைக் கொடுக்க வேண்டும், அவர்கள் எந்தக் கட்சிக்குப் போவார்கள் என்ற கணக்கே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

கேள்வி: நமது மத்திய மாகாணத்தை ஓர் அமெரிக்க மாநிலத்தோடு ஒப்பிடலாமா?
– வாசகர் ஒருவர், கம்பளை

பதில்: ஒப்பிட இயலாது. அங்கே மாநிலங்கள் சேர்ந்து ஒன்றியத்தை அமைத்தன. இங்கோ மாகாணங்கள் 1833இல் பிரித்தானிய ஆட்சி தன் நிர்வாக வசதிக்காக வகுத்தவை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமே அவற்றுக்குச் சபைகளைத் தந்தது. 2013இல் தெரிவான மத்திய மாகாண சபையின் காலம் 2018இல் முடிந்த பின், பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. அமெரிக்க மாநிலச் சட்டசபைத் தேர்தலை வாஷிங்டன் அவ்வாறு கிடப்பில் போட முடியாது.