சிஸ்டர் பதில்கள்: நாற்காலியை இழுத்துப் போட்ட டாக்டர்

(திட்டி வரும் கடிதங்களே எனக்கு அதிகம். இந்த முறை நன்றாகக் கவனித்த டாக்டர், நர்ஸ் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பெயர்களை எடுத்துவிட்டு, சுருக்கிப் போட்டிருக்கிறேன்.)

அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன். இரண்டு டாக்டர்கள் மாறி மாறி ரவுண்ட்ஸ் வந்தார்கள். ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார், மற்றவர் நின்றபடியே. கூட இருந்த நான் பார்த்தவரை இருவரும் எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றுதான். அப்பாவோ "அவர்தாம்ப்பா நிதானமாப் பார்க்கிறார், இவர் வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை" என்கிறார். இது வெறும் பிரமையா, சிஸ்டர்?

எல்லோருக்கும் வருகிற பிரமைதான், அப்பாவைக் கேலி செய்யாதீர்கள். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இதையே சோதித்துப் பார்த்து 2012-ல் வெளியிட்டார்கள், அதுவும் முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆனவர்களிடம்தான். ஒரே டாக்டர், சிலரிடம் உட்கார்ந்து பேசினார், சிலரிடம் நின்று பேசினார். எப்படியானாலும் அவர் இருந்தது ஒன்று, ஒன்றரை நிமிடம். உட்கார்ந்தபோது நோயாளிகள் சொன்ன கணக்கு 5 நிமிடத்துக்கு மேல்! படுத்துக் கிடப்பவர் அண்ணாந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தால், டாக்டர் எப்போது கிளம்புவாரோ என்ற நினைப்பிலேயே கேட்க வைத்திருந்த கேள்வியை விழுங்கிவிடுவார், இதை நான் வார்டில் தினமும் பார்த்திருக்கிறேன். நின்று பேசுகிறவரும் நல்ல டாக்டராகவே இருக்கலாம், அவர் உட்கார இடம் இருந்ததா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அந்த நாற்காலியில் உங்கள் பையும் போர்வையும்தான் உட்கார்ந்திருக்கும். ரவுண்ட்ஸ் நேரத்தில் அதைக் காலி செய்து வையுங்கள்.

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ரத்தம் எடுக்க வந்தவர், ஊசி போட வந்தவர், தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனவர் என ஆளாளுக்குப் பெயர் கேட்டார்கள், எந்தக் கால் என்று வேறு. கையில்தான் பட்டை கட்டியிருக்கிறதே? அன்பாகக் கேட்டார்கள், அதனால் சண்டை போடவில்லை.

கேட்காமல் இருந்திருந்தால்தான் சண்டை போட்டிருக்க வேண்டும். ஒரே வார்டில் ஒரே பெயரில் இரண்டு பேர் படுத்திருப்பது சர்வ சாதாரணம். "நீங்க லட்சுமிதானே?" என்று கேட்டால் தூக்கக் கலக்கத்தில் சரஸ்வதியும் "ம்" என்பார், அதனால்தான் பெயரை நோயாளி வாயாலேயே சொல்லவைத்து, பட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் ஆபரேஷனுக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. மயக்க மருந்துக்கு முன் யார், எந்த இடம், என்ன ஆபரேஷன் என்று உறுதி செய்ய வேண்டும், கத்தி வைக்கும் முன் தியேட்டரில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். 8 நகரங்களில் 8 ஆஸ்பத்திரிகளில் செய்து பார்த்ததில், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது என்று 2009-ல் எழுதினார்கள். பெயரைச் சொல்லி ஒருமுறை வாயைத் திறந்துவிட்ட ஜூனியர் நர்ஸுக்கு, பெரிய சர்ஜனிடம் "சார், ஒரு நிமிஷம், இடது கால்தானே?" என்று கேட்கத் தைரியம் வருகிறது பாருங்கள், எனக்கு அதுதான் பெரிசு.

நான் பார்த்த டாக்டர்களிலேயே ஒருவர்தான் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார். மற்றவர்களுக்கு நேரமில்லையா, மனமில்லையா?

பயம், அவ்வளவுதான். விட்டால் இவர் சாயங்காலம் வரை பேசுவார் என்கிற பயம். 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் என்ற இருவர் டாக்டர் அறைப் பேச்சுகளைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி ஆரம்பித்துச் சராசரியாக 18 வினாடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறார். சரி, புகாமல் விட்டால் எவ்வளவு நேரம் பேசுவார்கள்? 2002-ல் சுவிட்சர்லாந்தில் விட்டுப் பார்த்தார்கள். சராசரி 92 வினாடி! பத்தில் எட்டுப் பேர்போல 2 நிமிடத்துக்குள் தாங்களாகவே முடித்துக்கொண்டார்கள். உங்கள் டாக்டருக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்கலாம், இல்லை அனுபவத்தில் புரிந்திருக்கலாம்.

நம் பக்கமும் ஒன்று இருக்கிறது. சளி, முட்டிவலி, தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, எழுந்து கதவில் கை வைத்தபிறகு "அப்புறம் டாக்டர், மாடி ஏறினா நெஞ்சுல ஒரு மாதிரி அழுத்துது" என்பவர்களை நான் எண்ணி முடியாது. பயமாக இருப்பதை முதலில் சொல்லுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தால் வேறு டாக்டர் பாருங்கள்.

ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஊழியர் வழியெல்லாம் "இப்ப லிஃப்ட் ஆடும், பயப்படாதீங்க" என்று பேசிக்கொண்டே வந்தார். எனக்கு அந்த நாளில் ஆறுதலாக இருந்தது அவர் ஒருவர்தான். கையில் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. எப்படி நன்றி சொல்வது?

வாங்காதது நல்லது, அடுத்து படுத்திருப்பவர் கொடுக்க முடியாதவராக இருக்கலாம். நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: தேதி, நேரம், வார்டு, அவர் பெயர், அவர் என்ன சொன்னார் என்பது. "எல்லோரும் சிறப்பாகக் கவனித்தார்கள்" என்று எழுதினால் அது யாருக்கும் போய்ச் சேராது. லிஃப்ட் விஷயத்தை அப்படியே எழுதுங்கள். பெயர் தெரியாது என்றால் வார்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேளுங்கள், டூட்டி பார்த்துச் சொல்லிவிடுவார்.

பெயர் என்றதும் இங்கிலாந்தில் முதியோர் மருத்துவராக இருந்த கேட் கிரேஞ்சர் ஞாபகம் வருகிறது. புற்றுநோய் வந்து அவரே கட்டிலில் படுத்தபோது, வருகிற போகிறவர்களில் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்வதில்லை என்பதைக் கவனித்தார். 2013-ல் "ஹலோ, என் பெயர்..." என்று தொடங்கிப் பேசச் சொல்லும் இயக்கத்தை ஆரம்பித்தார். 2016-ல் இறந்துவிட்டார், ஆனால் அந்த வாசகத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலை பார்க்கும் ஊழியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சிரித்துப் பேசுகிற டாக்டரா, சிடுசிடு ஆனால் கெட்டிக்கார டாக்டரா, யாரிடம் போவது?

சிரிப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளியே வந்தபிறகு உங்களுக்கு என்ன நோய், எந்த மாத்திரை எதற்கு, எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று வீட்டாரிடம் சொல்ல முடிகிறதா? முடிந்தால் சிடுசிடுப்பாக இருந்தாலும் பரவாயில்லை. நல்ல டாக்டர்கள் சிலர் "நான் சொன்னதை நீங்க ஒருமுறை சொல்லுங்க" என்பார்கள். அது பரீட்சை இல்லை, அவர் சரியாக விளக்கினாரா என்று தன்னையே பார்த்துக்கொள்வது.

கூப்பிட்ட மணிக்கு நர்ஸ் வர அரை மணி நேரம். வந்ததும் "மன்னிச்சுக்கோங்க" என்றார். கோபப்படவா, பரிதாபப்படவா?

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இன்னிக்கு எத்தனை பேரைப் பார்க்கறீங்க?" அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற ஆய்வாளரின் குழு 2002-ல் சொன்னது இது: ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. எனவே கோபப்படலாம், தாராளமாக. அந்த எண்ணிக்கையைப் புகார்க் கடிதத்தில் எழுதி நிர்வாகத்திடம் கொடுங்கள், அந்த சிஸ்டர் மன்னிப்புக் கேட்டதையும் சேர்த்து எழுதுங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தக்கசிவு என்றால் மட்டும் மணியை நம்பிக் காத்திருக்காமல் ஓடிப்போய்க் கூப்பிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.