தொட்டாற்சுருங்கியும் விஞ்ஞானித் தாத்தாவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தாவர உடலியங்கியலில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆய்வு செய்துவருகிறேன். சென்ற ஆண்டு, பத்து வயதுக் குழந்தைகளை மனதில் வைத்து, தொட்டாற்சுருங்கிச் செடியைப் பற்றி ஒரு நெடுங்கதை எழுதினேன். ஒரு சிறுமி கேள்விகள் கேட்க, விஞ்ஞானியான அவளுடைய தாத்தா ஒவ்வொன்றாக விளக்குவதாகக் கதை அமைந்திருக்கிறது. பதிப்பாளர் ஒருவர், கலைச்சொற்கள் மிகுதி, நீதியும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். விஞ்ஞானியாக இருந்து சிறார் எழுத்தில் விருது பெற்றவர்களைப் பற்றி நிறையப் படிக்கிறேன். ஆய்வை விட்டு முழுநேரமும் எழுதினால்தான் இது கைகூடுமா? கலைச்சொற்களை நீக்கிவிடலாமா? போட்டிகளுக்கு அனுப்பிப் பார்க்கலாமா? முதல் அத்தியாயத்தை இணைத்துள்ளேன்.

எம்.

அன்புள்ள எம்.,

என் சித்தியின் பழைய குறிப்பேடு ஒன்று சில வாரங்களுக்கு முன்பு என் கைக்கு வந்தது. அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் உங்கள் கடிதம் வந்தது, அதிலும் இதே செடியைப் பற்றி. அதனால்தான் வழக்கத்துக்கு மாறாக உடனே பதில் எழுதுகிறேன்.

வேலையை விடாதீர்கள். ஜயந்த் நார்லிகர் மராத்தியில் சிறுவர்களும் பெரியவர்களும் விரும்பிப் படித்த அறிவியல் கதைகளை எழுதியபோது வானியற்பியல் ஆய்வை விட்டுவிடவில்லை. புணேயில் 1988இல் ஓர் ஆய்வு மையத்தையே உருவாக்கி நடத்தினார். போட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய முதல் கதையே ஒரு போட்டியில் வென்றதுதான். 1974இல் மராத்தி விஞ்ஞான் பரிஷத் நடத்திய போட்டிக்கு, தன் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று மனைவியைப் படியெடுக்கச் செய்து அனுப்பினார். தன் புகழ் நடுவர்களின் கண்ணை மறைத்துவிடக் கூடாது என்ற அந்த எச்சரிக்கையில் ஒரு விஞ்ஞானியின் நேர்மை இருக்கிறது. அந்த மனநிலையோடு அனுப்புவதென்றால் தாராளமாக அனுப்புங்கள். விருது பெற்றவர்களின் பட்டியலைப் படிப்பதை மட்டும் நிறுத்துங்கள், அது உங்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றாது. நீதி வேண்டும் என்ற பதிப்பாளரின் பேச்சுக்குப் பதில் சொல்லவே வேண்டியதில்லை.

என் மனதை உறுத்துவது உங்கள் தாத்தா.

இணைத்த அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். சிறுமி இலையைத் தொடுகிறாள், அது மூடிக்கொள்கிறது. "ஏன் தாத்தா?" என்கிறாள். அடுத்த வரியிலேயே தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு பேசத் தொடங்கி, மூன்று பக்கங்களுக்கு நிறுத்தவில்லை. இலைக்காம்பின் அடியில் உள்ள மூட்டு, அங்குள்ள செல்களிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் அயனிகள், அவற்றைத் தொடர்ந்து வெளியேறும் நீர், விறைப்பை இழந்து தளரும் செல்கள் என்று அவர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் அந்த மூன்று பக்கங்களிலும் சிறுமியின் விரல் எங்கே இருக்கிறது? அவள் மறுபடியும் தொட்டாளா? இலை திரும்ப விரிந்ததா? எதுவும் தெரியவில்லை. தாத்தா பேசத் தொடங்கியதும் செடியும் போய்விட்டது, குழந்தையும் போய்விட்டாள்.

உங்கள் மீது எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இருபத்திரண்டு ஆண்டுகளில் உங்கள் ஆய்வுக்கூடத்தில் எவராவது இப்படிப் பேசியதுண்டா? கேட்ட மறுகணமே விடை கையில் இருந்த நாள் என்று ஒன்றாவது உண்டா? தவறிப்போன சோதனைகளையும், மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த ஒரு குழப்பமான அளவையும், நள்ளிரவில் திரும்ப வந்து பார்த்த தொட்டியையும் மறைத்துவிட்டு, எல்லாம் அறிந்த ஒரு முதியவரைக் குழந்தையின் முன்னால் நிறுத்துகிறீர்கள். தகவல் தருவதற்குப் பாடநூல் இருக்கிறது. உங்களிடம் மட்டுமே இருப்பது கேள்விக்கும் விடைக்கும் நடுவே கிடக்கும் அந்த நீண்ட பொழுது. அதைத்தான் கதையிலிருந்து வெட்டி எறிந்திருக்கிறீர்கள்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது என் சித்தியிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவரும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். "எனக்கு முழுசாத் தெரியாதுடா. தொட்டுட்டு, மறுபடி எப்பத் திறக்குதுன்னு எண்ணு" என்று சொல்லி ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தார். நான் குந்தி உட்கார்ந்து எண்ணினேன். இலை நுனியைத் தொட்டால் நுனியிலிருந்து ஒவ்வொரு இணையாக, யாரோ வரிசையாகக் கதவுகளைச் சாத்திக்கொண்டு வருவதுபோல் அடிவரை மூடிவந்து, கடைசியில் காம்பே தொய்ந்துவிடும் என்பதை அன்றுதான் பார்த்தேன். மெல்லத் தொட்டால் நான்கைந்து இணைகளோடு நின்றுவிடும். முதல் முறை எண்ணூற்றுச் சொச்சம் வரை எண்ணினேன். இரண்டாம் முறை வேறு எண் வந்தது, மூன்றாம் முறை இன்னொன்று. என்மீதே எரிச்சலாகி, முதல் எண்ணையே மூன்று வரிகளிலும் எழுதிவிட்டேன். சித்தி பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். அன்று அவர் திட்டியதுபோல் அதற்கு முன்பும் பின்பும் என்னைத் திட்டியதில்லை. பொய் எண்களை என்னையே அடிக்கச் சொல்லி, பக்கத்தில் "மாறுகிறது, ஏன்?" என்று தன் கையால் எழுதினார். சில வாரங்களுக்கு முன்பு என் கைக்கு வந்தது அந்தப் பக்கம்தான். பென்சில் மங்கிவிட்டது, அடித்த கோடு இன்னும் அழுத்தமாக இருக்கிறது.

பின்னர் ஒரு தேர்வில், அந்தச் செடி ஏன் சுருங்குகிறது என்ற கேள்விக்கு, காரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை என்று எழுதிப் பூஜ்யம் வாங்கினேன். தற்காப்புக்காக என்பதுதான் எதிர்பார்த்த விடை. பூச்சிகளையும் மேயும் விலங்குகளையும் விலக்குவதற்காக என்ற விளக்கம் பொருத்தமானதாகவே இருக்கலாம். ஆனால் எப்படிச் சுருங்குகிறது என்பது நமக்குத் தெரிந்த அளவுக்கு ஏன் சுருங்குகிறது என்பது தெரியாது என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். உங்கள் தாத்தா அதே தேர்வுத்தாளைத் திருத்தியவரைப் போலப் பேசுகிறார்.

இந்தச் செடியிடம் எத்தனை கதைகள் இருக்கின்றன! 1729இல் தெ மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர், பகலில் இலை விரித்து இரவில் மூடும் ஒரு செடியை, அது தொட்டாற்சுருங்கியாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள், வெளிச்சம் புகாத இடத்தில் வைத்தார். இருட்டிலும் அது வேளை தவறாமல் விரிந்து மூடியது. சூரியனைக் காணாமலே செடி அதை எப்படியோ உணர்கிறது என்று அவர் நினைத்தார். பார்த்தது சரி, நினைத்தது தவறு. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கிறது என்று தெரிவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இன்னொரு பிரெஞ்சுத் தாவரவியலாளர், தெஃபோந்தேன், இந்தச் செடிகளைக் குதிரை வண்டியில் ஏற்றிப் பாரிஸ் தெருக்களைச் சுற்றிவரச் செய்தார். கல் பாவிய தெருவில் வண்டி குலுங்கத் தொடங்கியதும் இலைகள் எல்லாம் மூடிக்கொண்டன. வண்டி குலுங்கிக்கொண்டே போகப் போக, அவை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டன. மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு, இலை திறப்பதைப் பார்த்தபடி வண்டியில் போவதை எந்தக் குழந்தை வேண்டாம் என்று சொல்லும்? உங்கள் அத்தியாயத்தில் இது ஒரு வரியாகக்கூட இல்லை.

கலைச்சொற்களைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். மைக்கேல் ஃபாரடே இளையோருக்காக ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்து ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார், 1861இல் அவை நூலாக வந்தன. வர்த்தியை ஊதி அணைத்துவிட்டு, எழும் புகையில் திரியிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி ஒரு தீக்கொழுந்தைக் காட்டுகிறார். நெருப்பு காற்றிலேயே ஓடிவந்து திரியைப் பற்றிக்கொள்கிறது. அந்தப் புகையில் எரிவது மெழுகின் ஆவி. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு 'ஆவி' என்ற சொல் கடினமாகவே இருக்காது. பொருள் முன்னே வரட்டும், சொல் பின்னே வரட்டும். 'அயனி'யை நீங்கள் நீக்க வேண்டியதில்லை, இடம் மாற்றினால் போதும்.

நார்லிகரிடம் பள்ளிப் பிள்ளைகள் கையொப்பம் கேட்டால், அஞ்சலட்டையில் ஒரு கேள்வி எழுதி அனுப்புங்கள், விடையெழுதிக் கையொப்பமிட்டு அனுப்புகிறேன் என்பாராம். கேள்வி பிள்ளையுடையதாக இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு பிடிவாதம். உங்கள் சிறுமி கேட்கும் கேள்விகளோ தாத்தா விடை சொல்வதற்கு வசதியாக நீங்கள் எழுதிக் கொடுத்தவை. அவள் தானாக ஒன்றும் கேட்கவில்லை.

தாத்தாவை முற்றிலும் எடுத்துவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். அவர்மீது உங்களுக்கு இருக்கும் பாசம் வரிகளில் தெரிகிறது, அவர் உங்களுடைய ஆசிரியர்களில் ஒருவராக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இருக்கட்டும். ஆனால் முதல் அத்தியாயத்தில் அவர் வாயைத் திறக்க வேண்டாம். சிறுமி தொட்டு, எண்ணி, தவறி, மறுபடி எண்ணட்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் எண்ணட்டும், இருவர் எண்ணிக்கையும் வேறு வேறாக வரட்டும். அந்த அத்தியாயத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள். நான் எண்ணிய எண்களையும் படியெடுத்து உங்களுக்கு அனுப்புகிறேன், அடித்தவற்றையும் சேர்த்து.