முடவன் முழுக்கு – ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்த வருஷம் கடைமுகத்துக்கு, அதாவது ஐப்பசி கடைசி நாள் காவிரி முழுக்குக்கு, மாயவரம் (மயிலாடுதுறை) கூட்டிப் போகச் சொல்லி ஒரே பிடிவாதம். ஆற்றில் முங்கினால் பாவம் போய்விடும் என்றால், அதிலேயே கிடக்கிற மீனும் தவளையும் எப்போதோ மோட்சம் போயிருக்க வேண்டாமா என்று கேட்டேன். இரண்டு நாளாகப் பேசவில்லை.

2025 கும்பமேளாவின்போது பிரயாகையில் தண்ணீர் பல தடவை குளிக்கும் தரத்தில் இல்லை என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே அறிக்கை கொடுத்தது. மௌனி அமாவாசை நெரிசலில் உயிர்கள் போயின. கங்கை ஆடினால் என்ன, காவிரி ஆடினால் என்ன என்று அப்பரே கேட்டுவிட்டார். அப்புறமும் இந்தத் தீர்த்த விழாக்களில் ஆன்மிகமாக என்னதான் இருக்கிறது? கேலிக்குக் கேட்கவில்லை.

(பெயர் வேண்டாமே), ஓசூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மீன், தவளைக் கேள்வி ரொம்பப் பழசு. உங்கள் அம்மாவும் அதை எங்காவது கேட்டிருப்பார். கேள்வி புதிது என்றா பேசாமல் இருக்கிறார்? கேட்டது நீங்கள், அதனால் பேசவில்லை.

அப்பரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்டால் முழுசாகக் கூப்பிட வேண்டும். 'எங்கும் ஈசன் எனாதவர்க்கு இல்லையே' என்று முடிகிறது அந்தப் பாட்டு. ஆற்றில் மட்டும் சாமி இருக்கிறார், வீட்டு வாசலில் இல்லை என்று நினைக்கிற ஆளுக்கு விழுந்த அடி அது. பாடியவர் வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகத் தலயாத்திரை போனவர், மயிலாடுதுறையையும் பாடியவர். கடைசியில் கயிலைக்குக் கிளம்பினார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் முடியாமல் உருண்டு, பிறகு அசையாமல் கிடந்தார். ஒரு முனிவர் வந்து, இந்த உடம்போடு போய்ச் சேர முடியாது, திரும்பிப் போ என்கிறார். மாட்டேன் என்கிறார் இவர். அங்கே இருந்த பொய்கையில் முங்கச் சொல்லப்படுகிறது. முங்கியவர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது. ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றில் இன்றைக்கும் இதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

யாத்திரையைப் பற்றி நம்மவர்கள் வைத்திருக்கிற பெரிய கதையைக் கவனியுங்கள். அது போய்ச் சேராதவருடைய கதை. இதைக் கையில் வைத்துக்கொண்டு மாயவரத்துக்கு வருவோம்.

காவிரிக்கு ஐப்பசி, துலா மாசம். மாசம் பிறக்கும்போது, அக்டோபர் 17 வாக்கில், குடகில் தலைக்காவிரியில் தீர்த்தம் பொங்குகிறது என்று கூடுகிறார்கள். மாசம் முடிகிற அன்று, நவம்பர் நடுவில், மயிலாடுதுறையில் துலாக்கட்டம் என்கிற படித்துறையில் கடைமுகம். ஆறு பிறக்கிற இடத்தில் தொடங்கி, கடலில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் முடித்துக்கொள்கிறது அந்த மாசம். திருச்சியில் அகலமாகப் பார்த்த காவிரியை மாயவரத்தில் பார்த்தால் இதுவா என்று இருக்கும். பெரிய வாய்க்கால் அளவுதான். கடைமடை. மேலே இருக்கிறவர்கள் எடுத்தது போக, விட்டது போக, மிச்சம்தான் இங்கே வரும்.

அந்த மிச்சத்தில் குளிக்கத்தான் கங்கையே வருகிறாள் என்பது ஊர்க் கதை. ஜனங்கள் எல்லாம் பாவத்தைக் கங்கையில் கரைத்துவிட்டுப் போகிறார்கள், அது அத்தனையும் அவள் மேல் ஏறிக் கறுத்துப் போகிறாள், ஐப்பசியில் இங்கே வந்து தீர்த்துக்கொள்கிறாள். உங்கள் தொழிலை வைத்துப் பாருங்கள். கழுவினால் பாவம் காணாமல் போகிறது என்று கதை சொல்லவில்லையே! கீழே இருக்கிறவர் தலையில் போய் இறங்குகிறது என்கிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைச் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

'ஆயிரம் ஆனாலும் மாயூரம் ஆகாது' என்று ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வதை விடுங்கள். எல்லா ஊரிலும் அப்படி ஒரு பழமொழி இருக்கும்.

கடைமுகத்தன்று மாயூரநாதர் அபயாம்பிகையோடு துலாக்கட்டத்துக்கு எழுந்தருள்கிறார். சுற்றுப்பட்டுக் கோயில் சாமிகளும் கரைக்கு வருகிறார்கள். உச்சி வேளையில் சாமியின் ஆயுத வடிவமான அஸ்திரதேவருக்கு அபிஷேகம் முடிந்து, குருக்கள் அவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முங்குகிறார். கூட்டமும் கூடவே முங்குகிறது. இதற்குத் தீர்த்தவாரி என்று பெயர். பாவம் கழுவத்தான் இந்த விழா என்றால் சாமிக்கு என்ன பாவம்? எனக்கு இது சின்ன வயசுச் சந்தேகம். ஊர், சாமி, ஆறு, செத்துப்போனவர்கள் எல்லாரும் வருஷத்தில் ஒரு நாள் ஒரே தண்ணீரில் நிற்பதற்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். பாவம், புண்ணியம் என்பது அந்தச் சாக்குக்கு வைத்த பெயராகக்கூட இருக்கலாம்.

இப்போது நீங்கள் கேள்விப்பட்டிருக்காத நாள். கடைமுகத்துக்கு மறுநாள், கார்த்திகை ஒன்று, முடவன் முழுக்கு. காவிரியில் முழுக வேண்டும் என்று நடக்க முடியாத ஒருவன் கிளம்பினான். வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. கரையில் உட்கார்ந்து அழுதான். இன்றைக்கு முழுகினாலும் அதே பலன் உண்டு என்று சிவபெருமான் ஒரு நாளைக் கூடுதலாகக் கொடுத்தார். 'முடவன்' என்ற சொல் இன்றைக்கு உறுத்தும்தான். ஆனால் தாமதமாக வந்தவன் பெயரில் ஒரு நாளையே பஞ்சாங்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அது எனக்குப் பெரிசாகப் படுகிறது. கயிலைக்குப் போய்ச் சேராத அப்பரும் இவனும் ஒரே வழியில் வந்தவர்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் அந்த நாளில் போயிருந்தேன். படியெல்லாம் முந்தின நாள் கூட்டத்தின் மிச்சம், நசுங்கின சாமந்தி, வாழைப்பழத் தோல், ஒற்றைச் செருப்பு. நடு ஆற்றில் நந்தி மண்டபம் தனியாக நின்றது. தூறல். ஒரு பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்து, தண்ணீருக்குள் இருக்கிற படியில் வைத்தார்கள். மகன் சொம்பில் மொண்டு தலையில் ஊற்றினார். மூன்று சொம்பு ஆனதும் பெரியவர், "ஒங்கம்மாளுக்கு ஒண்ணு ஊத்து" என்றார். அப்புறம் பம்பாயில் இருக்கிற மகளுக்கு ஒன்று. பேரன்களுக்கு ஆளுக்கு ஒன்று. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "செல்லூரானுக்கு" என்றார். மகன் சொம்போடு நின்றார். "சித்தப்பாவுக்கா?" "ஊத்துன்னா ஊத்து."

அந்தக் குடும்பத்தில் என்ன நடந்ததோ. வரப்புத் தகராறாகவும் இருக்கலாம், அதைவிடப் பெரிசாகவும் இருக்கலாம். மகன் ஊற்றினார். நீங்கள் கேட்கிற ஆன்மிகத்துக்கு என்னிடம் இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். சாக்கடையை ஆற்றில் விட்டுவிட்டு மாலையில் அதற்கு ஆரத்தி எடுப்பதை எந்தப் புராணமும் மன்னிக்காது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் போய், கடைமுகத்துக்கு ஆழ்குழாய்த் தண்ணீர் விட்டதையும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் ஜனங்கள் வந்தார்கள். அதை பக்தி என்று மெச்சவும் எனக்கு மனசு வரவில்லை. ஆறு எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நெரிசலும் பிரயாகையோடு நிற்கிற சமாசாரம் அல்ல. 1992 மகாமகத்தில் கும்பகோணத்திலேயே பார்த்தாயிற்று.

அதனால் ஒரு யோசனை. கடைமுகத்தன்று போகாதீர்கள், மறுநாள் கூட்டிப் போங்கள். கூட்டம் குறைவு, அம்மாவின் முழங்காலுக்கும் அந்த நாள்தான் தோது. பாசிப் படியில் இறக்க வேண்டாம், ஒரு நாற்காலியும் சொம்பும் எடுத்துப் போங்கள். தீர்த்தம் என்று வாயில் விட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உங்கள் கூடத்தில் சோதித்துப் பாருங்கள். முடிவை எனக்கு எழுதுங்கள், அம்மாவிடம் ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும்.

சொம்பு உங்கள் கையில் இருக்கும்போது, உன் பேருக்கும் ஒண்ணு ஊத்து என்பார். தவளைக் கதையை அப்போது எடுக்காதீர்கள்.