சவரக்கத்திக்குச் சோப்பா, கிரீமா?

கேள்வி: அண்ணா, சவரக்கத்தி வாங்கி ரெண்டு வாரம் ஆகுது. சோப் நல்லதா, கிரீம் நல்லதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

பதில்: கிரீம். ஆனால் இது உங்களுக்கு மட்டும், இப்போதைக்கு மட்டும். கத்தியை எந்தச் சாய்வில் வைப்பது, தோலை எப்படி இழுத்துப் பிடிப்பது, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை. கூடவே சோப்புக் கட்டியோடும் மல்லுக்கட்ட வேண்டாம். கிரீமில் தண்ணீர் கலந்தே வருகிறது. கட்டைவிரல் நகம் அளவு எடுத்து ஈரப் பிரஷால் ஒரு நிமிடம் கடைந்தால் நுரை தயார். கை பழகியதும் சோப்புக்கு வாருங்கள். நான் பல வருடமாகச் சோப்தான்.

கேள்வி: இரண்டுமே நுரைதானே? அப்படி என்ன விசேஷம் சோப்பில்?

பதில்: பிறவியில் இரண்டும் ஒன்றுதான். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள் காரத்தோடு சேர்ந்தால் சோப். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் இளகியது கிடைக்கும், சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால் இறுகியது. கிரீமில் பெரும்பாலும் முன்னது, கூடவே நிறையத் தண்ணீர். கட்டிச் சோப்பில் பல நேரம் இரண்டு காரமும் இருக்கும்.

நான் சோப்பைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கத்திச் சவரம் மெதுவான வேலை. இரண்டு தடவை மழிக்க எனக்கு 20 நிமிடம் ஆகிறது. இடது கன்னம் முடிவதற்குள் வலது கன்னத்தில் நுரை காய்ந்தால் கத்தி இழுக்கும், வெட்டும். சோப் என்றால் பிரஷை அரை நிமிடம் நன்றாகச் சுழற்றிக் கெட்டியாக ஏற்றிக்கொண்டு, பிறகு சில சொட்டாகத் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போகலாம். சரக்கு அதிகம் இருப்பதால் அவ்வளவு தண்ணீரையும் தாங்கும்.

எப்போது நிறுத்துவது? முதலில் நுரை குமிழ் குமிழாக, பெரிதாக நிற்கும். பார்க்க அழகு, சவரத்துக்கு உதவாது. தண்ணீர் சேரச் சேரக் குமிழ் மறைந்து, கடைந்த தயிர் போல ஒரு மினுமினுப்பு வரும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பாருங்கள், விரல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதுதான் பதம். அதற்கு மேல் ஒரு கரண்டி ஊற்றினால் முகத்தில் நிற்காமல் கழுத்தில் வழியும்.

கேள்வி: எங்கள் வீட்டில் உப்புத் தண்ணீர். நுரை எழும்பிய வேகத்தில் செத்துவிடுகிறது. கிரீமுக்கு மாறினால் தீருமா?

பதில்: பெரிதாகத் தீராது, கிரீமும் சோப்தானே. தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத அழுக்காகப் படிகின்றன. பக்கெட்டில் விளிம்பு கட்டுமே, அதே சமாச்சாரம். நுரைக்கு வேண்டியது அரை டம்ளர் தண்ணீர்தான். அதற்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுங்கள். முகம் கழுவக் குழாய்த் தண்ணீரே போதும்.

கேள்வி: கேனில் வரும் நுரை?

பதில்: பாதிக்கு மேல் காற்று. வேண்டாம்.

கேள்வி: ஐயா, எனக்குச் சவரம் முடிந்ததும் கழுத்து எரிகிறது. சோப்பில் காரம் இருப்பதால்தானோ?

பதில்: இருக்கலாம், ஆனால் எடுத்த எடுப்பில் சோப்பின் மேல் பழி போடாதீர்கள். நான் அப்படித்தான் இரண்டு மாதம் சோப்பு சோப்பாக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் தோல்வாரில் கத்தியை அழுத்தித் தீட்டி முனையை நானே மழுக்கியிருக்கிறேன். சவரம் செய்யாத ஒரு நாளில் நுரையை மட்டும் கழுத்தில் பூசி, 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அப்போதும் எரிந்தால் சோப்பை நிறுத்துங்கள், பெரும்பாலும் வாசனைப் பொருளோ மென்தாலோதான் காரணமாக இருக்கும். எரியவில்லையா, கத்தியையும் கையையும் பாருங்கள். சாய்வு 30 டிகிரி பக்கம் இருக்கட்டும், கத்தியை அழுத்தவே வேண்டாம்.

கேள்வி: நுரை அப்பியதும் எங்கே மழிக்கிறேன் என்றே தெரிவதில்லை. தோலை இழுக்கப்போனால் விரலும் வழுக்குகிறது.

பதில்: அப்பாதீர்கள், பூசுங்கள். வழுவழுப்பு தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில் இருக்கிறது, மேலே குவிந்திருப்பது வெறும் அலங்காரம். விரலுக்குப் படிகாரம்: ஈரக் கட்டியை விரல் நுனியால் தொட்டுவிட்டு இழுங்கள், பிடி கிடைக்கும்.

கேள்வி: தாத்தா பெட்டியில் பிரிக்காத சவரச் சோப் ஒன்று கிடைத்தது தம்பி. குறைந்தது 20 வருடம் இருக்கும். போடலாமா?

பதில்: முகர்ந்து பாருங்கண்ணே. வாசனை போயிருந்தால் பரவாயில்லை, சிக்கெடுத்த எண்ணெய் நாற்றம் அடித்தால் தூக்கிப் போடுங்கள். நாற்றம் இல்லையென்றால் மேல் படலத்தைக் கத்தியால் சீவிவிட்டு, அஞ்சு நிமிடம் வெந்நீர் ஊற்றி வையுங்கள். சவரக்கத்தியால் சீவிவிடப் போகிறீர்கள், காய்கறிக் கத்தி போதும்.