எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்தால் எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கும்?

கதை எழுத ஆரம்பித்திருக்கிறேன், ஏதாவது சங்கத்தில் சேரலாமா, தனியாக எழுதிக்கொண்டிருப்பதே நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள் என்பதுதான் என் பதில். நான் கோவில்பட்டிப் பக்கம். தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் (தமுஎகச) கிளைக் கூட்டங்களுக்குப் பல வருடமாகப் போய்வருகிறேன், அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் என்ற பெயரில் 1975 ஜூலையில் மதுரையில் தொடங்கிய அமைப்பு இது. நெருக்கடி நிலை அறிவித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்த நேரம். ‘கலைஞர்கள்’ என்ற சொல் பெயரில் பின்னால்தான் சேர்ந்தது. இடதுசாரிச் சார்புள்ள அமைப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். அதில் உடன்பாடு இல்லையென்றால் வேறு இலக்கிய அமைப்புகளும் இருக்கின்றன.

மாதக் கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. யாராவது ஒருவர் வீட்டு மாடி, பாய், டீ. ஒருவர் எழுதிக் கொண்டுவந்ததை வாசிப்பார், மற்றவர்கள் பேசுவார்கள். ஒருமுறை கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலை பற்றி ஒரு கதை வாசித்தான். நடை நன்றாக இருந்தது, நாங்களும் பாராட்டினோம். அங்கே தீக்குச்சிக் கட்டை அடுக்கும் வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் கடைசியில் பேசினார்: “தம்பி, பெட்டி ஒட்டுறாங்கன்னு எழுதிட்டீங்க. பசை காய்ச்சுறதை எழுதலையே? மைதா மாவுல மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவோம். இல்லைன்னா பூச்சி அரிச்சிரும். அந்த விஷக் கையோடதான் பிள்ளைக்குச் சோறு ஊட்ட ஓடணும், எத்தனை தடவை கழுவுறது?” அடுத்த மாதம் அவன் கதையைத் திருத்தி எழுதி வந்தான். கதையே வேறாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து எத்தனை புத்தகம் படித்தாலும் அந்த அக்காவின் கேள்வி அவனுக்குக் கிடைத்திருக்காது.

எங்கள் கரிசல் பக்கத்திலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், கிராமத்தில் கடை வைத்துப் பிழைத்தவர். செம்மலர் இலக்கிய இதழில் எழுதி, இந்தச் சங்கத்தோடு வளர்ந்து, 2008இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார்.

இன்னொரு பயன் உண்டு. அது தேவைப்படும் நாள் வரவே கூடாது, ஆனால் வந்தால் சங்கம் இருந்தே ஆக வேண்டும். எழுத்தாளர் பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தையில் ஒரு சமரச ஒப்பந்தத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எழுதுவதையே விடுகிறேன் என்று அவர் அறிவித்தார். எங்கள் கூட்டத்தில் அன்றைக்கு யாருக்கும் கதை வாசிக்க மனமில்லை. அந்தச் சமரசம் செல்லாது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களில் தமுஎகசவின் ச. தமிழ்ச்செல்வனும் ஒருவர். 2016 ஜூலை 5ஆம் தேதி தீர்ப்பு வந்தது: அந்த ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, நாவலுக்குத் தடையும் கிடையாது. அவர் மறுபடி எழுத வந்தார். வக்கீல், வழக்கு, அலைச்சல் எல்லாவற்றையும் ஓர் எழுத்தாளர் தனியாளாகத் தாங்க முடியுமா?

விருதும் பொன்னாடையும் மட்டுமே கொடுக்கும் அமைப்புகளை எனக்குப் பிடிக்காது. எழுத்து வளர்வதற்கு அங்கே வேலையே நடப்பதில்லை. சேரும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: கூட்டத்தில் வாசிப்பு நடக்கிறதா, வாசித்ததைப் பற்றி மனம்விட்டுப் பேசுகிறார்களா? உங்கள் ஊரில் தமுஎகசவின் கலை இலக்கிய இரவு நடந்தால் அங்கே போய் விசாரியுங்கள். விடிய விடியப் பறையும் பாட்டும் பேச்சுமாக நடக்கும், புத்தகக் கடை போட்டிருப்பார்கள். கடையில் நிற்பவரிடம் கேட்டாலே கிளைக் கூட்டம் எங்கே, எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிடுவார். முதல் தடவை கேட்க மட்டும் போங்கள், அடுத்த மாதம் கதையை எடுத்துப் போகலாம்.