நடுத்தர மதிப்பெண்ணுக்கு ஆப்டோமெட்ரி கிடைக்குமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன். உயிரியல் 81, இயற்பியல் 68, வேதியியல் 74. நீட்டில் 720-க்கு 241. எனக்கு ஆப்டோமெட்ரி, அதாவது கண் பரிசோதனைப் படிப்பு, படிக்க ஆசை. இந்த மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்குமா? “கண்ணாடிக் கடை வேலைக்கு நாலு வருஷப் படிப்பா? இன்னொரு வருஷம் நீட் எழுது” என்கிறார் மாமா. அப்பாவோ, குறுவை அறுத்தால்தான் கையில் பணம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்பு மகளுக்கு, கிடைக்கும். எந்தக் கல்லூரியில் என்பதில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் நீட்டைப் பற்றிய பயத்தை விடு. தமிழக அரசுக் கலந்தாய்வில் பி.ஆப்டோம் போன்ற துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்கு பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் கொடுத்து வந்திருக்கிறார்கள். உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து 100 என மொத்தம் 200-க்குக் கணக்கு. உனக்கு உயிரியலில் 81, மற்ற இரண்டும் சேர்ந்து 71, ஆக 152. ஒன்று மட்டும் கவனி. 2021-இல் வந்த சட்டத்தின் கீழ் இந்தப் படிப்புகளுக்கென்று தேசிய ஆணையம் அமைந்துவிட்டது, விதிகள் மாறும் காலம் இது. அதனால் இந்த ஆண்டு விளக்கக் கையேட்டை வரி விடாமல் படி. நீட் மதிப்பெண் அட்டையையும் தூக்கிப் போடாமல் வை.

152 என்பது அரசு இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கித் தரும் எண் இல்லை. ஆனால் பொதுத் தரவரிசையைப் பார்த்துச் சோர்ந்துவிடாதே. 69 சதவீத இட ஒதுக்கீட்டில் உன் பிரிவுக்குள் நீ எங்கே நிற்கிறாய் என்பதுதான் கணக்கு. சென்ற ஆண்டின் தரவரிசைப் பட்டியலையும் ஒதுக்கீட்டுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, உன் பிரிவில் 152 வரை வந்தவர்கள் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார்கள் என்று பார். அரை மணி நேர வேலைதான். ஆளுக்கொரு ஆரூடம் கேட்பதைவிட அது உருப்படியானது. தில்லி எய்ம்ஸிலும் இந்தப் படிப்பு உண்டு, ஆனால் தனி நுழைவுத் தேர்வு, இடங்களும் சொற்பம். சென்னையில் 1985 முதல் நடக்கும் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரிக்கும் விண்ணப்பித்துப் பார்.

அப்புறம் மாமா. அவருக்கு டெல்டாவிலிருந்தே ஒரு உதாரணம் சொல். அறுவடை நேரத்தில் நெல்தாளோ உமியோ கண்ணில் பட்டுக் கருவிழி கீறிவிடுகிறது. வீட்டில் தாய்ப்பால் விடுகிறார்கள், சிலர் நாக்கால் துழாவி எடுக்கிறார்கள். ரெண்டு நாளில் கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஏதோ ஒரு சொட்டு மருந்து. அந்தக் கீறலில் பூஞ்சை புகுந்திருந்து, அந்தச் சொட்டில் ஸ்டீராய்டும் இருந்துவிட்டால் புண் ஆழமாகப் போய்ப் பார்வையே பறிபோகும். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியை வைத்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் பக்கத்து ஊரில் இருந்து, அன்றைக்கே கண் மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய கண் அது. ஆப்டோமெட்ரிஸ்ட் அறுவை சிகிச்சை செய்யமாட்டார், கண் டாக்டரும் அல்ல. ஆனால் பவர் பார்ப்பதோடு, கண் அழுத்தம் கூடியிருப்பதையும் சர்க்கரையால் விழித்திரை கெடுவதையும் முதலில் கண்டு சொல்வது பல இடங்களில் அவர்தான். ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கிய குழந்தையை ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். விட்டால் பிறகு கஷ்டம். இதைக் கண்ணாடிக் கடை வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உனக்கு எம்.பி.பி.எஸ். மேல் ஆசையே இல்லாதபோது, அதற்காக ஒரு வருடத்தைச் செலவழிக்காதே.

இனி முக்கியமான விஷயம். இந்தத் தொழில் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் கைக்கு வரும். ரெட்டினோஸ்கோப்பைப் பிடித்து ஒளி நகர்வதைக் கண்டு பவர் சொல்வதை நூறு பாடம் கேட்டும் கற்க முடியாது. ஆகவே கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதே. எந்தக் கண் மருத்துவமனையோடு இணைந்திருக்கிறது, அங்கே புறநோயாளிகள் கூட்டம் எப்படி, மாணவர்கள் தாங்களே பரிசோதிக்கிறார்களா, இன்டர்ன்ஷிப் எங்கே என்று கேள். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை வாசலில் நிறுத்திக் கேட்டால் உண்மை வந்துவிடும். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் என்பதை எழுத்தில் வாங்கு. இரண்டு ஆண்டு டிப்ளமோவையும் இதையும் ஒன்று என்று சொல்லி ஆள் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். அஞ்சல் வழியில் முடிக்கலாம் என்றால் எழுந்து வந்துவிடு. இத்தகைய படிப்புகளை அப்படி நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2025-இல் தடை போட்டுவிட்டது. புரோக்கர் யாரிடமும் அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே.

பணம். மேட்டூர் திறந்து குறுவை வீட்டுக்கு வருவதற்குள் கல்லூரி கட்டணம் கேட்டுவிடும், அப்பாவின் கவலை நியாயமானது. கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்து அடமானம் தேவையில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கி மேலாளரையும் அப்பாவோடு போய்ப் பார். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், சேர்ந்ததும் கல்லூரியில் கேள். வீட்டில் முதல் பட்டதாரி நீதான் என்றால் அந்தச் சான்றிதழும் வேண்டும். சாதி, வருமானச் சான்றுகளோடு சேர்த்து இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடு, கலந்தாய்வு நேரத்தில் அங்கே கூட்டம் தாங்காது.

இயற்பியல் 68 என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. முதல் ஆண்டிலிருந்தே ஒளியியல் வரும். உன் பிளஸ் டூ புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் கதிர் ஒளியியல் பாடம் இருக்கிறது. லென்ஸ் கணக்குகளை இந்த விடுமுறையில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார். புரியாததை எழுதி அனுப்பு, அடுத்த இதழில் எடுத்துக்கொள்கிறேன்.