கோடரி ஓங்கிய ஓர்க்: தசை ஏன் பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது?

தலைக்கு மேல் கோடரி ஓங்கி நிற்கும் ஓர்க்கை, அதாவது கற்பனைக் கதைகளில் வரும் பச்சைத்தோல் அரக்கனை, நீங்கள் வரைந்த படத்தைப் பார்த்தேன். எவ்வளவு ஷேடிங் (ஒளி, நிழல் தீட்டுவது) செய்தாலும் தசை பிளாஸ்டிக் மாதிரியே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். ஷேடிங் கிடக்கட்டும், முதல் சிக்கல் தோளில் இருக்கிறது.

தொங்கவிட்ட கைக்கான மார்பை அப்படியே வைத்துவிட்டு, கையை மட்டும் மேலே திருப்பியிருக்கிறீர்கள். மார்புத்தசை மேல்கை எலும்பில் போய்ப் பிடிக்கிறது. கை உயர்ந்தால் அதுவும் இழுபட்டுத் தட்டையாகும், கீழ் விளிம்பு அக்குளை நோக்கிச் சாய்ந்து ஓடும். தோள் தசை திரண்டு காதை நெருங்கும். அக்குளின் பின்பக்கம் முதுகுத்தசை எட்டிப் பார்க்கும், அதற்கு முன்னால் விலாவில் விரல் விரலாகச் சிறு தசைகள். சட்டையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி முன் கையைத் தூக்கிப் பாருங்கள், ஒல்லியான உடம்பிலும் பாதி தெரியும்.

அப்புறம் ஒளி. ஒவ்வொரு தசைக்கும் நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு என்று ஏர்பிரஷ்ஷால் (ஓரம் மங்கிப் பரவும் தூரிகை) தடவியிருக்கிறீர்கள். பிளாஸ்டிக் தோற்றம் அங்கிருந்துதான் வருகிறது. ஒளி இடது மேலிருந்து வருகிறதா? வலது விலாப்பக்கத்தை மொத்தமாக நிழலில் விடுங்கள், அதற்குள் தசையை எண்ணிக் காட்ட ஆசைப்படாதீர்கள். முகத்தில் விழும் கையின் நிழலுக்குக் கூரிய ஓரம், தோள் உருண்டு இருளும் இடத்துக்கு மென்மையான ஓரம். நிழலில் கறுப்பு வேண்டாம், நீலம் கலந்த அடர்பச்சை போதும்.

கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் எம் (M) விசையைத் தட்டினால் படம் இடவலமாகத் திரும்பும். இடது தோள் இறங்கியிருப்பது உடனே கண்ணில் படும். முகம் அருமை, அதில் கை வைக்காதீர்கள்.